சுண்டெலியும் சர்ப்பகந்தி வேரும்

கொல்கத்தாவின் பவானிபூர் வீட்டுப் பரணில் ஓடும் சுண்டெலிக்கு 4, 5 நாளுக்கொரு சினைச்சுழற்சி. இணை சேர்ந்தால் அது நின்றுவிடும். கருப்பை வாயில் ஏற்படும் தூண்டுதல் நரம்பு வழியே மூளைக்குப் போக, பிட்யூட்டரி சுரப்பி தினம் இருமுறை புரோலாக்டின் என்ற ஹார்மோனைப் பொழிகிறது. அதனால் சினைப்பை புரோஜெஸ்ட்ரான் சுரந்து கருப்பையைத் தயார் செய்கிறது. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! கரு உண்டாகாவிட்டாலும் சுமார் 11 நாள் உடல் கர்ப்பம் போலவே இருக்கும்.

இணை சேர்ந்த முதல் சில நாட்களில் அந்நிய ஆணின் வாசனை பட்டால் கரு ஒட்டாது என்று 1959இல் ஆய்வாளர் ஹில்டா புரூஸ் கண்டார். காசி இந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய சி. ஜே. டொமினிக், புரோலாக்டின் சுரப்பைத் தூண்டும் ரெசர்பின் கொடுத்தால் அந்தக் கரு பிழைப்பதை 1966இல் காட்டினார். ரெசர்பின் சர்ப்பகந்தி வேரின் சத்து. அந்த வேர் ரத்த அழுத்தத்தைத் தணிப்பதை 1931இல் எழுதியவர்கள் கொல்கத்தா மருத்துவர்கள் கணநாத் சென், கார்த்திக் போஸ்.