ஆர்னோ நதிக்கரையில் இரண்டு நாட்கள்

சர்வகலாசாலைக்கு இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. பையிலே பணம் சொற்பம், ஆவலோ அளவிறந்தது. இத்தாலி தேசத்தின் பொலோஞா நகரிற் கல்வி பயிலும் மாணவர் இருவராகிய நாம், புகழ்பெற்ற புளோரன்ஸ் நகரைக் கண்டு வரப் புறப்பட்டோம். அப்பினைன் மலைத்தொடரைக் குடைந்து அமைத்த சுரங்கப் பாதைகளினூடே புகையிரதம் விரைந்து சென்றது. நாற்பது நிமிடத்தில் புளோரன்சில் இறங்கிவிட்டோம்.

காணவேண்டியவற்றை ஒரு தாளிலே வரிசையாக எழுதி வைத்திருந்தோம். முதலாவது, நகரின் நடுவே செங்குன்றுபோல் எழுந்து நிற்கும் பேராலயத்தின் குவிமாடம். 1296ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய இவ்வாலயத்தின் நடுப்பகுதியை மூடும் வழி அறியாது, நெடுங்காலமாக வானம் பார்த்தபடியே விட்டிருந்தனர். நாற்பது மீற்றருக்கு மேற்பட்ட அந்த இடைவெளியை, பொற்கொல்லராகப் பயின்ற புருனெலெஸ்கி என்பவர், வளைவைத் தாங்கும் மரச்சட்டம் எதுவுமின்றி, ஒன்றினுள் ஒன்றாக இரண்டு கூடுகள் அமைத்து மூடினார். 1420இல் தொடங்கிய வேலை 1436இல் நிறைவெய்தியது.

மாடத்தின் உச்சிக்குச் செல்ல 463 படிகள் ஏறவேண்டும். ஏறுவதற்கு நாம் ஆயத்தமாகவே இருந்தோம். ஆனால், முன்கூட்டி நேரங் குறித்துச் சீட்டுப் பெறாதவர்க்கு அன்று இடமில்லை என்றனர். மறுநாட் காலைக்கே இரு சீட்டுகள் கிடைத்தன. பிழை எம்முடையதே. மாணவ நேயர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக!

ஆகவே உஃபிஸி சித்திரசாலையை நோக்கி நடந்தோம். உஃபிஸி என்றால் அலுவலகங்கள் என்பது பொருள். நகரை ஆண்ட மெடிச்சி குலத்தவர் தம் அரசாங்க அலுவல்களுக்காக 1560இல் கட்டத் தொடங்கிய மாளிகை இது. அக்குலத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா என்னும் அம்மையார், 1737இல் ஓர் உடன்படிக்கை செய்தார். தம் முன்னோர் ஈட்டிய சித்திரங்கள், சிலைகள், நூல்கள் யாவும் புளோரன்ஸ் நகரை விட்டு ஒருபோதும் அகற்றப்படலாகாது என்பதே அதன் நிபந்தனை. பொத்திச்செல்லியின் ஓவியங்களின் முன்னே இன்று நாம் நிற்பது அந்த அம்மையாரின் தீர்க்கதரிசனத்தாலன்றோ!

மதியம் பாணும் பாற்கட்டியும் வாங்கி உண்டோம். இவ்வூர்ப் பாணிலே உப்பில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்னும் பழமொழி இவ்வூருக்குச் செல்லாது போலும்! பசியோடிருந்த எமக்கு அது அமிர்தமாகவே இருந்தது.

பின்னர் ஆர்னோ நதியின் மேலுள்ள பழைய பாலத்திற்குச் சென்றோம். 1345இற் கட்டிய பாலம். இருமருங்கும் பொன் விற்கும் கடைகள். 1944இல் ஜெர்மன் படையினர் பின்வாங்கியபோது நகரின் மற்றைப் பாலங்களையெல்லாம் தகர்த்தனர், இஃதொன்றே தப்பியது. பாலத்தினின்றும் கீழே நோக்கினோம். ஆறு அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவ்வாறு எப்போதும் அடக்கமானதன்று என்பதைக் கரை வழியே சிறிது தூரம் நடந்தபின் அறிந்தோம். மைக்கலாஞ்சலோவும் கலிலியோவும் துயிலும் சாந்தா குரோச்சே ஆலயத்தை அண்டிய ஒரு தெருவிலே, எம் கைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் ஒரு கல் பதித்திருந்தது. அதிலே ஒரு கோடு. கூடவே ஒரு தேதி: 1966 நவம்பர் 4. அன்று ஆறு கரைபுரண்டு, சில தெருக்களில் ஏறக்குறைய ஐந்து மீற்றர் உயரத்திற்கு வெள்ளம் நின்றது. அருகிலுள்ள தேசிய நூல் நிலையத்திலே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் பத்திரிகைகளும் சேற்றில் அமிழ்ந்தன.

நாம் அக்கல்லை அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, வாசலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"பிள்ளைகளே, அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. நிலவறையில் இறங்கி, சேறு தோய்ந்த புத்தகங்களை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி மேலே அனுப்பினோம். எனக்கு முன்னே நின்றவனின் மொழி எனக்குத் தெரியாது; பின்னே நின்றவளின் மொழியும் தெரியாது. புத்தகம் வந்தது, வாங்கினோம், கொடுத்தோம். அவ்வளவுதான்" என்றார்.

பல தேசங்களிலிருந்தும் தாமாகவே வந்து உழைத்த அந்த மாணவர்களைச் 'சேற்றுத் தேவதைகள்' என்று இந்நகரத்தார் இன்றும் நன்றியோடு குறிப்பிடுகின்றனர். வெள்ளத்தில் மூழ்கிய வசாரியின் 'இறுதி இராப்போசனம்' என்னும் பெரிய ஓவியம், ஐம்பது ஆண்டுகளின் பின், 2016இலேதான் செப்பனிடப்பட்டு சாந்தா குரோச்சே ஆலயத்திற்கு மீண்டது.

முதியவர் விடைபெற்றுச் சென்றபின் நாம் சிறிது நேரம் பேசவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூல் நிலையம் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு எரிந்த கதையைப் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நீரில் நனைந்த ஏட்டை உலர்த்தலாம். எரிந்த ஏட்டை எவ்வாறு மீட்பது? ஆயினும், காக்கும் கைகள் வரிசையாக நின்றால் எத்துணை மீளும் என்பதை அந்தத் தெருவிலே கண்டோம்.

மறுநாட் காலை 463 படிகளையும் ஏறினோம். மூச்சு வாங்கியது. உச்சியில் நின்றபோது செவ்வோட்டுக் கூரைகளுக்கு அப்பால் ஆறு தெரிந்தது. முதல் நாளே ஏறியிருந்தால் அதனை அழகிய ஆறென்று மட்டுமே சொல்லியிருப்போம்.

மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையைக் காண நேரம் போதவில்லை. சதுக்கத்தில் நிற்கும் பிரதியை மட்டும் பார்த்துவிட்டுப் புகையிரதம் ஏறினோம். மூல உருவம் 1873 முதல் அக்கடமியாக் கூடத்தில் இருக்கின்றது. அது அங்கேயே இருக்கும், காப்பவர்கள் இருக்கின்றார்கள். நாம் இன்னொரு முறை போவோம்.