சுதைக்கு மேல் ஒரு பாக்டீரியாப் பூச்சு

சுதை இறுகுவது வெறுமனே காய்வதால் அல்ல. சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுப் பூசிய சாந்து, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உள்ளிழுத்து மறுபடியும் கல்லாகிறது. ஸ்ரீரங்கத்துப் பழைய கோபுரங்களின் சுதைச் சிற்பங்கள் நிற்பது இப்படித்தான். ஆனால் சற்றே அமிலம் கலந்த மழைநீர் அதே கல்லை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகிறது.

அந்தக் கல்லை ஓரிரு நாளிலேயே உண்டாக்கும் பாக்டீரியா மண்ணில் வாழ்கிறது. பெயர் ஸ்போரோசார்சினா பாஸ்ச்சுரீ. வயலுக்குப் போடும் யூரியாதான் அதற்கும் வேண்டும். யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைக்கும்போது அம்மோனியாவும் கார்பனேட்டும் பிறக்கின்றன. சுற்றியுள்ள நீர் காரமாகிறது. பாக்டீரியாவின் மேற்புறம் எதிர்மின் ஏற்றம் கொண்டது. அதனால் நீரிலுள்ள கால்சியம் அங்கே வந்து ஒட்டுகிறது. கார்பனேட்டும் சேர்ந்ததும் கால்சைட் படிகம் முளைக்கிறது. படிகம் தடிக்கத் தடிக்க, அதைத் தொடங்கிவைத்த உயிரே உள்ளே புதைந்துபோகிறது.

உயிர்கள் சுண்ணாம்புக் கல் செய்வது ஸ்ரீரங்கம் இருக்கும் திருச்சி வட்டாரத்துக்குப் புதிதல்ல. டால்மியாபுரத்துச் சுண்ணாம்புப் பாறையில் பழங்காலக் கடற்பவளங்களின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம்.

பிரான்சின் துவார் நகரில் 1993இல் செயின்ட் மெடார் தேவாலயக் கோபுரத்தில் 50 சதுர மீட்டர் பரப்புக்கு, வேறொரு பாக்டீரியாவைக் கொண்டு இப்படியொரு கால்சைட் பூச்சு போட்டார்கள். தடிமன் சில மைக்ரான்தான். மழைநீர் உள்ளே இறங்குவது குறைந்தது. சுவரின் ஈரம் ஆவியாக வெளியேறும் வழியோ அடைபடவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது குணம்தான். சிமென்ட் பூச்சும் எனாமல் பெயின்ட்டும் ஈரத்தை உள்ளேயே சிறைவைத்துச் சுதையைப் பொரியவைத்துவிடும்.

யூரியேஸுக்கான மரபணுக்களை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதையும் கால்சைட் செய்யவைத்திருக்கிறார்கள். எவ்வளவு வேகம், எவ்வளவு நொதி என்பதை இதனால் நாமே தீர்மானிக்கலாம். ஆனால் மரபணு மாற்றிய உயிரைத் திறந்தவெளியில் விட, 1989ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதிக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. கோயில் சுதைக்கு இந்தப் பூச்சைப் போட இயற்கைப் பாக்டீரியாவே போதும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு: அம்மோனியா. சுவரில் தங்கினால் நைட்ரேட் உப்பாக மாறி, பூச்சையே பெயர்த்துவிடும். பழமை மாறாத திருப்பணிக்காக 2017இல் யுனெஸ்கோ விருது பெற்ற கோயில் ஸ்ரீரங்கம். அதனால் சிற்பத்தின் மேல் கைவைக்குமுன், அதே சாந்தில் மாதிரிப் பலகைகள் செய்து, பூச்சுப் போட்டதையும் போடாததையும் அருகருகே வெயிலிலும் ஐப்பசி மழையிலும் சில வருடங்கள் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பலகைகளை ஸ்தபதிகளும் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.