விண்கலத்துக்கு நிரல் எழுதக் கற்பது எப்படி?

1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. படங்களும் தரவுகளும் வரத் தொடங்கிய சில நாட்களில் அதன் கணினி அடிக்கடி தானாகவே ரீசெட் ஆனது. ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலை தள்ளிப்போனது.

விண்கலக் கணினி பல பணிகளை முன்னுரிமைப்படி கவனிக்கிறது. பாத்ஃபைண்டரில் கருவிகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் பணிக்கு உயர்ந்த இடம். வானிலைத் தரவு திரட்டும் பணிக்குத் தாழ்ந்த இடம். ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு ஒன்று இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. வானிலைப் பணி அதைப் பிடித்திருந்த நேரத்தில் நடுத்தர முன்னுரிமையுள்ள வேறு பணி நுழைந்து கணினியை எடுத்துக்கொண்டது. பூட்டு விடுபடவில்லை, முக்கியமான பணி காத்துக் கிடந்தது. கெடு தவறியதைக் கண்ட காவல் ஏற்பாடு கணினியை ரீசெட் செய்துவிட்டது.

அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துப் பொறியாளர்கள், பூமியிலிருந்த மாதிரிக் கணினியில் அதே கோளாறை வரவழைத்தார்கள். பூட்டை வைத்திருக்கும் பணிக்குத் தற்காலிகமாக முன்னுரிமையை உயர்த்தித் தரும் வசதி அந்த இயங்குதளத்திலேயே இருந்தது, ஆனால் அணைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கும் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். ரீசெட் நின்றது. இதில் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறொன்று: தரையிறங்கும் முன் நடந்த சோதனைகளிலேயே இந்த ரீசெட் தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முடியாததால் காரணம் பிடிபடவில்லை.

பழைய நிரலை அப்படியே எடுத்தாள்வதும் ஆபத்து. 1996 ஜூன் 4 அன்று முதல் ஏரியான் 5 ராக்கெட், கிளம்பி ஒரு நிமிடம் ஆகும் முன்பே சிதறியது. ஏரியான் 4-க்கு எழுதிய வழிகாட்டி நிரல், புதிய ராக்கெட்டின் அதிக வேகத்தால் பெருத்த 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடக்க முயன்று தோற்றது. அந்தக் கணக்கீடே ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையற்றது என்பதுதான் கொடுமை.

இதனால்தான் இத்துறையில் கட்டுப்பாடு அதிகம். கணினி அறிஞர் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-இல் வகுத்த பத்து விதிகள் நல்ல தொடக்கம்: தன்னைத் தானே அழைக்கும் செயற்கூறு கூடாது, ஒவ்வொரு சுழலுக்கும் உச்சவரம்பு வேண்டும், தொடக்க நிலை முடிந்தபின் புதிதாக நினைவகம் கேட்கக் கூடாது. விண்வெளியில் கதிர்வீச்சு நினைவகத்தின் பிட்டை மாற்றிவிடலாம். பழுதுபார்க்கப் பெரும்பாலும் ஆள் போக முடியாது. அங்கே கெட்டிக்காரத்தனமான நிரலைவிட, எப்போது என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய நிரலே மேலானது.

கற்கத் தடையில்லை. சி, சி++ மொழிகளும் நிகழ்நேர இயங்குதளத்தின் அடிப்படையும் தெரிந்தால் போதும். நாசாவின் சிஎஃப்எஸ், ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் எஃப் பிரைம் ஆகிய இரண்டு மென்பொருள் கட்டமைப்புகளும் இலவசம். சாதாரண லினக்ஸ் மடிக்கணினியில் ஓடும். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரில் இருந்தது எஃப் பிரைம்தான்.

பொறியியல் மாணவர்களே, அந்தக் கட்டமைப்புகளில் ஒன்றை இறக்கி ஒரு சென்சாரை இணையுங்கள். ஓடும்போதே சென்சாரைப் பிடுங்கிப் பாருங்கள். காரணம் புரியாத ஒரு ரீசெட் வந்தால், காரணம் தெரியும்வரை அடுத்த வரியை எழுதாதீர்கள்.