ஆம்ப்ளிஃபயரும் செவியும்
1947-இல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் வில்லியம்ஸன் என்பவர் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயர், 15 வாட் சக்தியிலும் ஒலித்திரிபை 0.1 சதவீதத்துக்குள் அடக்கியது. அன்றே அவ்வளவு சித்தி பெற்ற சாதனத்துக்கு இன்று லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும்போது, செவியையே பிரமாணமாகக் கொள்வது நியாயமே எனினும், அது எளிதில் மயங்கும் என்பதை மறக்கலாகாது. இரண்டு கருவிகளில் ஒன்று சிறிதளவே உரக்க ஒலித்தாலும், உரப்பு என்று தோன்றாமல், தெளிவென்றும் ஜீவனென்றும் தோன்றிவிடுகிறது. ஆகையால் ஸ்பீக்கர் முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்து, ஒரே சுருதியுள்ள நாதத்தை அனுப்பி, இரண்டையும் சமப்படுத்திய பிறகே, எது எதுவென்று தெரியாதபடி பிறரைக்கொண்டு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். வாட் கணக்கைக் கண்டும் மயங்க வேண்டாம்; சக்தியை இரட்டித்தாலும் கூடும் உரப்பு 3 டெசிபலே. 8 ஓம் ஸ்பீக்கர் சில சுருதிகளில் 4 ஓமுக்கு இறங்கும்போதும் தளராமல் மின்னோட்டம் தருவதே உயர்ந்த கருவியின் லக்ஷணம். மேற்சொன்னபடி சமப்படுத்திக் கேட்டும் பேதம் தெரியவில்லையெனில், விலை குறைந்ததையே வாங்குங்கள்.