செயல்முறை ஒப்புருவாக்கத்தில் மாற்றுவழிப் பங்கீடு: விழுக்காடும் விதியும்

ஆய்வுச் சுருக்கம்

தொழிற்கூடம், சேவை முகப்பு, சரக்குக் கிடங்கு முதலியவற்றின் இயக்கத்தைக் கணினியில் ஒப்புருவாக்கும்போது, ஓர் உருப்படி தன் முன்னுள்ள பல வழிகளுள் எதில் செல்லும் என்பதை மாதிரியில் குறித்தாக வேண்டும். பெரும்பாலான மாதிரிகளில் இது விழுக்காடாகவே குறிக்கப்படுகிறது. களத்தில் அளந்து பெற்ற விழுக்காடு பல நேரங்களில் ஒரு விதியின் விளைவே அன்றிக் காரணம் அன்று என்பதையும், விளைவைக் காரணமாக உள்ளிடும் மாதிரி, அமைப்பில் மாற்றம் செய்து பார்க்கும் கட்டத்தில் பிழையான விடை தரும் என்பதையும் இக்கட்டுரை எளிய கணக்குகளின் வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தனிநிகழ்வு ஒப்புருவாக்கம், வழிப்படுத்தல், வரிசைக் கோட்பாடு, நிகழ்தகவு, மறுபணி.

முன்னுரை

கடிகாரத்தை நொடிக்கு நொடி நகர்த்தாமல், ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவச் செய்து ஓர் அமைப்பின் இயக்கத்தைக் கணினியில் நடத்திப் பார்க்கும் முறை தனிநிகழ்வு ஒப்புருவாக்கம் எனப்படும். இதில் அமைப்பினூடே நகர்வன உருப்படிகள். தொழிற்கூடத்தில் உதிரிப்பாகமும், வங்கியில் வாடிக்கையாளரும், மருத்துவமனையில் நோயாளியும் மாதிரியின் நோக்கில் உருப்படிகளே. நோயாளியை உருப்படி என்பது செவிக்கு இனிதாக இல்லைதான். எனினும் 'பொருள்' என்னும் சொல் மூலப்பொருள், மென்பொருள், சொற்பொருள் எனப் பலவற்றோடு மயங்குவதால் 'உருப்படி' என்பதே இங்குக் கையாளப்படுகிறது.

வருகை எப்படி, பணிநேரம் எவ்வளவு, பணியாளர் எத்தனை பேர் என்பனவற்றுக்கு ஆய்வாளர்கள் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். பரவல்களைப் பொருத்திப் பார்க்கின்றனர். பொருத்தச் சோதனைகளை அட்டவணையிடுகின்றனர். வழி பிரியும் இடத்துக்கு வரும்போது மட்டும் 'இயந்திரம் ஒன்றுக்கு 75, இயந்திரம் இரண்டுக்கு 25' என ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். அந்த ஒரு வரியே இக்கட்டுரையின் பொருள்.

மென்பொருள்கள் தரும் வாய்ப்புகள்

இத்துறையின் மூத்த மொழிகளுள் ஒன்றான ஜி.பி.எஸ்.எஸ். மொழியை ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜெஃப்ரி கோர்டன் 1961இல் உருவாக்கினார். அதன் 'டிரான்ஸ்ஃபர்' என்னும் கட்டம், உருப்படியை ஒரு பின்ன அளவுப்படி சமவாய்ப்பாகப் பிரித்தனுப்பவும் செய்யும். முதல் வழியில் நுழைய இயலாதபோது மட்டும் இரண்டாம் வழியை முயலவும் செய்யும். விழுக்காடு, விதி ஆகிய இரண்டும் ஒரே கட்டத்தின் இரு முகங்களாக அன்றே இருந்தன என்பது கருதத்தக்கது.

இன்றைய மென்பொருள்களும் இதே பிரிவைப் பின்பற்றுகின்றன. அரீனாவின் 'டிசைட்' கூறு வாய்ப்பின்படி அல்லது நிபந்தனையின்படி, இரு வழியாக அல்லது பல வழியாகப் பிரிக்கும். எனிலாஜிக்கின் 'செலக்ட் அவுட்புட்' கட்டத்திலும் நிகழ்தகவு, நிபந்தனை என்னும் இரண்டும் உண்டு. அரீனாவில் அக்கூறை வரைபடத்தில் வைத்தவுடன் தோன்றுவது வாய்ப்புவழிப் பிரிப்பும் 50 என்னும் எண்ணும்தாம். தொடக்கநிலை ஆய்வாளர் அந்த எண்ணை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த கட்டத்துக்குச் செல்வது இயல்பே. நிபந்தனை எழுத வேண்டுமெனில் களத்தில் யாரிடமாவது கேட்க வேண்டும். விழுக்காட்டைப் பதிவேடே தந்துவிடும்.

ஒரே சுமை, வேறுவேறு காத்திருப்பு

மணிக்குச் சராசரியாக 16 பேர் வரும் ஒரு சேவை மையத்தைக் கொள்வோம். இரண்டு முகப்புகள், ஒவ்வொன்றும் மணிக்கு 10 பேருக்குப் பணி செய்ய வல்லது. வருகை பாய்சான் முறையிலும் பணிநேரம் அடுக்குக்குறிப் பரவலிலும் அமைவதாகக் கொள்வோம்.

வருவோரைச் சமவாய்ப்பாகப் பாதிப்பாதி பிரித்தால், ஒவ்வொரு முகப்பும் மணிக்கு 8 பேரைப் பெறும் தனி வரிசையாகிறது. ஒருவர் மையத்தில் கழிக்கும் சராசரி நேரம் 30 நிமிடம். அதே பாதிப்பாதியைச் சமவாய்ப்பாக அன்றி, முதலாமவர் இடப்புறம், அடுத்தவர் வலப்புறம் என மாறிமாறி அனுப்பினால் அது ஏறத்தாழ 23 நிமிடமாகக் குறைகிறது. ஒரே பொது வரிசை வைத்து, எந்த முகப்பு ஒழிகிறதோ அங்கு அனுப்பினால் 16.7 நிமிடம். குறுகிய வரிசையில் சேரும் விதியின் மதிப்பு, பொது வரிசைக்கும் மாறிமாறி அனுப்பும் முறைக்கும் இடையில் அமையும்.

நான்கு முறைகளிலும் நீண்டகாலப் பங்கீடு 50:50 தான். பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு நான்கும் ஒன்றே. ஆனால் கழியும் நேரம் 30 நிமிடத்திலிருந்து 16.7 நிமிடம் வரை வேறுபடுகிறது. ஆகவே விழுக்காடு சரியாக இருப்பது, மாதிரி சரியாக இருப்பதற்குச் சான்றாகாது.

விழுக்காடு விளைவாக இருக்கும்போது

மேற்கண்டதில் முறைகளிடையே வேறுபாடு காத்திருப்பில் மட்டுமே தோன்றியது, பங்கீடு மாறவில்லை. பங்கீடே மாறும் நிலை இதைவிடக் கடுமையானது. இக்கட்டுரையாளர் தம் முதல் மாதிரியில் செய்த பிழையும் இவ்வகையினதே. உதிரிப்பாகத் தொழிற்கூடம் ஒன்றின் பணிப்பதிவேட்டைக் கூட்டிக் கழித்துப் புதிய இயந்திரத்துக்கும் பழைய இயந்திரத்துக்கும் விழுக்காடு கண்டு, அதை மாதிரியில் இட்டு, புதிய இயந்திரத்தின் வேகம் குறைந்தால் என்னாகும் என்று ஓட்டிக் காட்டியபோது, திரையில் வரிசை நீண்டுகொண்டே சென்றது. பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் கேட்டார்: "புது மிஷின்ல சேர்ந்துபோச்சுன்னா நாங்க பழசுக்குத் தள்ளிடுவோமே, உங்க கம்ப்யூட்டர்ல ஏன் சார் தள்ள மாட்டேங்குது?"

அவர் கேட்டதைச் சுருங்கிய ஒரு கணக்காக இவ்வாறு அமைக்கலாம். மணிக்கு 12 பாகங்கள் வருகின்றன. புதிய இயந்திரம் மணிக்கு 12 பாகங்களையும், பழையது மணிக்கு 6 பாகங்களையும் முடிக்கும். புதிய இயந்திரத்தில் பணியிலும் வரிசையிலுமாக மூன்று பாகங்கள் இருந்தால், அடுத்து வருவது பழைய இயந்திரத்துக்குச் செல்லும். இதுவே களத்தின் விதி. முன்னர்க் கூறிய பரவல்களைக் கொண்டால், வருவனவற்றுள் சரியாக நான்கில் ஒரு பங்கு பழைய இயந்திரத்துக்குத் திரும்பும். பதிவேடு 75:25 என்று காட்டும்.

இப்போது தேய்மானத்தால் புதிய இயந்திரம் மணிக்கு 8 பாகங்களையே முடிக்கிறது என்க. விழுக்காட்டு மாதிரி அதற்குத் தொடர்ந்து மணிக்கு 9 பாகங்களை அனுப்பும். வரிசை மணிக்குச் சராசரியாக ஒன்று வீதம் முடிவின்றி வளரும். 'கொள்திறன் போதாது, புதிய இயந்திரம் வாங்குக' என்று மாதிரி அறிவிக்கும். விதியை இட்ட மாதிரியிலோ பங்கீடு தானாகவே ஏறத்தாழ 58:42 என நகர்கிறது. பழைய இயந்திரம் மணிக்கு 5 பாகங்களை ஏற்கிறது; அதன் திறன் 6. நெருக்கடி உண்டு, ஆனால் அமைப்பு தாங்கும்.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். புதிய இயந்திரத்தின் திறனை மணிக்கு 18 ஆக உயர்த்தினால், அதே விதியின்கீழ்ப் பழைய இயந்திரத்துக்குச் செல்வது 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அது நான்கில் ஒரு பங்கு நேரமே இயங்கும். விழுக்காட்டு மாதிரி அது பாதி நேரம் இயங்குவதாகக் காட்டும். அங்கு நிற்கும் பணியாளரை வேறு பணிக்கு மாற்றலாமா என்னும் கேள்விக்கு இவ்விரு மாதிரிகளும் வேறுவேறு விடை தரும்.

இப்பிழை சரிபார்ப்பில் பிடிபடாது என்பதே இதன் தீங்கு. இன்றைய நிலையை ஓட்டிப் பார்த்தால் விழுக்காட்டு மாதிரியின் பங்கீடும் வெளியீட்டு அளவும் களத்தோடு பொருந்தும். மாற்றம் செய்து பார்ப்பதற்காகத்தான் ஒப்புருவாக்கம் செய்கிறோம்; அங்குதான் அது வழுவுகிறது.

விழுக்காடு விதியின் விளைவா என்று அறியப் பதிவேட்டிலேயே ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பாகமும் வந்த நேரத்தையும் முடிந்த நேரத்தையும் கொண்டு, அது வந்தபோது முதல் இயந்திரத்தில் எத்தனை பாகங்கள் இருந்தன என்பதை மீட்டெடுக்கலாம். பிறகு வரிசை நீளம் வாரியாகத் திருப்பிவிடப்பட்ட பங்கைக் கணக்கிட வேண்டும். எல்லா நீளத்திலும் 25 விழுக்காட்டை ஒட்டியே இருந்தால் அது வாய்ப்பு. குறைந்த நீளங்களில் சுழியமாக இருந்து ஓர் எல்லையில் திடீரென உயர்ந்தால் அங்கே ஒரு விதி இயங்குகிறது. எல்லை எது என்பதும் தெரிந்துவிடும்.

விழுக்காடே முறையான தேர்வாக அமையும் இடங்களும் உள்ளன. வருகின்ற பாகங்களுள் எத்தனை எஃகு, எத்தனை அலுமினியம் என்பது தொழிற்கூடத்தின் நெரிசலைப் பொறுத்ததன்று. காரணம் மாதிரியின் எல்லைக்கு வெளியே இருக்குமானால் விழுக்காட்டை உள்ளிடுவதில் தவறில்லை.

உருப்படியின் நினைவு

தரச்சோதனையில் தவறிய பாகம் மறுபணிக்குச் சென்று மீண்டும் சோதனைக்கு வருவது, மாற்றுவழிப் பங்கீட்டில் மிகுதியாகக் காணப்படும் அமைப்பு. முதல் சோதனையில் 10 விழுக்காடு பாகங்கள் தவறுகின்றன. ஒருமுறை தவறியது ஒவ்வொரு மறுசோதனையிலும் 40 விழுக்காடு வாய்ப்புடன் மீண்டும் தவறுகிறது என்க. ஒரு பாகத்துக்குச் சராசரியாக 1.167 சோதனைகள் வேண்டும். சோதனைப் பதிவேட்டில் மொத்தச் சோதனைகளுள் ஏழில் ஒன்று, அதாவது 14.3 விழுக்காடு தவறியதாகப் பதிவாகும்.

இந்த 14.3 விழுக்காட்டையே மாதிரியில் இட்டால் சராசரிச் சோதனை எண்ணிக்கை அப்படியே 1.167 ஆக வரும். ஆய்வாளர் மனநிறைவு கொள்வார். ஆனால் மூன்று சோதனைகளேனும் தேவைப்படும் பாகங்கள் உண்மையில் 4 விழுக்காடு. மாதிரியில் 2 விழுக்காடு. நான்கேனும் தேவைப்படுபவை உண்மையில் 1.6 விழுக்காடு, மாதிரியில் 0.3 விழுக்காடு. குறித்த நாளில் ஒப்படைக்கத் தவறும் பாகங்களைப் பற்றிய ஆய்வாயின் இந்த வால்பகுதியே ஆய்வின் உயிர். தீர்வு எளிது: உருப்படிக்கு 'எத்தனை முறை தவறியது' என்னும் பண்பை இணைத்து, வழிபிரியும் இடத்தில் அப்பண்பைப் பார்த்து வாய்ப்பை மாற்ற வேண்டும். இங்கு விழுக்காட்டைக் கைவிடத் தேவையில்லை. அதற்கு நினைவு சேர்த்தால் போதும்.

முடிவெடுக்கும் கணம்

விதியை எழுதும்போதும் ஒரு கண்ணி உண்டு. குறுகிய வரிசைக்கு அனுப்புக என்னும் விதி எந்தக் கணத்தில் வரிசையைப் பார்க்கிறது? வழிபிரியும் இடத்திலிருந்து இயந்திரம் வரை நகர்பட்டையில் ஐந்து நிமிடப் பயணம் இருப்பதாகவும், மணிக்கு 120 பாகங்கள் வருவதாகவும் கொள்வோம். ஒரு வரிசை குறுகியதாகத் தோன்றியவுடன், முதல் பாகம் அங்குச் சென்று எண்ணிக்கையில் சேர்வதற்குள் ஏறத்தாழ பத்துப் பாகங்கள் அதே வழியில் அனுப்பப்பட்டிருக்கும். பிறகு கூட்டம் மறுபக்கம் சாயும். பயணத்தில் உள்ளவற்றையும் எண்ணிக்கையில் சேர்த்தால் இவ்வூசலாட்டம் அடங்கும்.

ஆனால் சேர்க்கலாமா என்பது நிரல் பற்றிய கேள்வியன்று. நகர்பட்டையில் உணர்விகள் இருந்து கட்டுப்பாட்டுக் கருவி அவற்றை எண்ணுமாயின் சேர்க்க வேண்டும். வழியைத் தெரிவு செய்பவர் ஒரு தொழிலாளியாக இருந்து, அவர் கண்ணுக்கு எட்டுவது வரிசையின் வால் மட்டுமேயாயின் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மாதிரி களத்தைவிட அறிவாளியாகிவிடும். எல்லா மாறிகளும் நிரலாளருக்குத் தெரியும் என்பதால் இவ்வகை மிகையறிவு மாதிரிகளுக்குள் எளிதில் நுழைந்துவிடுகிறது.

குறுகிய வரிசையே எப்போதும் சிறந்தது என்றும் கொள்ள இயலாது. ஒரே திறனுடைய முகப்புகளும் அடுக்குக்குறிப் பணிநேரமும் இருக்கும்போது அது உகந்தது என்பதை வின்ஸ்டன் 1977இல் நிறுவினார். பணிநேரப் பரவல் வேறாகும்போது அது உகந்ததாக அமையாத எடுத்துக்காட்டுகளை விட் 1986இல் காட்டினார். ஆகவே களத்தில் அவ்விதி உண்மையிலேயே கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்க்காமல், சிறந்தது என்பதற்காக மாதிரியில் இடுவதும் பொருந்தாது.

வரிசைகள் சமமாக இருக்கும்போது

இறுதியாக ஒரு சிறு செய்தி. பல நிபந்தனைகளைக் கொண்ட வழிபிரிப்பை மென்பொருள் எழுதிய வரிசையிலேயே சோதித்து, முதலில் மெய்யாவதை ஏற்கும். 'முதல் வரிசை இரண்டாம் வரிசையைவிட நீளமாக இல்லாவிடில் முதலுக்கு அனுப்புக' என்று எழுதினால், இரண்டும் வெறுமையாக உள்ள ஒவ்வொரு முறையும் உருப்படி முதல் முகப்புக்கே செல்லும். சுமை குறைவான அமைப்பில் இரண்டும் வெறுமையாக இருக்கும் கணங்களே மிகுதி. விளைவாக ஒரே திறனுடைய இரு முகப்புகளுள் இரண்டாவது பெரும்பாலும் சும்மா இருப்பதாக அறிக்கை வரும். களத்தில் வாயிலுக்கு அருகிலுள்ள முகப்பை மக்கள் நாடுவது உண்மையாக இருக்கலாம். அவ்வாறாயின் அது கண்டறிந்த விதி. இல்லையெனில் அது நிரலில் எந்த வரி முதலில் எழுதப்பட்டது என்பதன் விளைவு மட்டுமே. சமநிலையில் நாணயம் சுண்டுவதுபோல் சமவாய்ப்பாகப் பிரிக்க ஒரு வரி கூடுதலாகத் தேவைப்படும். ஆய்வேட்டின் முறையியல் இயலில் வருகைப் பரவலுக்குத் தரும் இடத்தில் கால்பங்கை வழிவிதிக்கு ஒதுக்கினாலே, யார், எப்போது, எதைப் பார்த்து வழியைத் தெரிவு செய்கிறார், சமமானால் என்ன செய்கிறார் என்பவற்றைப் படிப்பவர் சரிபார்க்கும்படி எழுதிவிட இயலும்.