ஒரு தகடு, பல நிலைகள்
அமெரிக்கப் பொறிப்போவியங்களைத் தேர்ந்து சேர்க்கும் கலை

அச்சில் வந்த ஓவியத்தில் மூலம் ஏது, நகல் ஏது என்று கேட்பார் பலர். நாட்காட்டியில் அச்சாகும் படம் வேறொரு மூல ஓவியத்தின் நகல் என்பது உண்மையே. ஆயின், ஆங்கிலத்தில் ‘எட்சிங்’ என வழங்கும் பொறிப்போவியம் அத்தகையதன்று. அதற்கு வேறொரு மூலம் இல்லை. ஓவியர் தம் கையாலேயே செப்புத் தகட்டில் வரைகின்றார். அத்தகட்டிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு தாளும் மூல ஓவியமே ஆகும். ஒரே ஓவியத்திற்கு ஐம்பது மூலங்கள் இருக்கலாம், நூறும் இருக்கலாம். அவை யாவும் ஒன்றுபோல் இருப்பதும் இல்லை. அவ்வேறுபாடுகளை அறிந்து, தேர்ந்து, சேர்ப்பதை மேலைநாட்டார் ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றிய பொறிப்போவியங்களைக் கொண்டு இக்கலையின் இயல்பை ஈண்டு நோக்குவோம்.

தகடும் திராவகமும்

முதலில் செய்முறையை அறிதல் வேண்டும். மெருகிட்ட செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சைப் பூசுவர். ஓவியர் கூரிய ஊசியால் அப்பூச்சின்மேல் வரைவார். ஊசி சென்ற இடமெல்லாம் பூச்சு விலகிச் செம்பு வெளிப்படும். பின்னர்த் தகட்டைத் திராவகத்தில் இடுவர். பூச்சு உள்ள இடத்தைத் திராவகம் தீண்டாது. வெளிப்பட்ட கோடுகளை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். சிறிது நேரம் அரித்த கோடு மெலிதாகவும், நெடுநேரம் அரித்த கோடு கருமையாகவும் அச்சில் விழும்.

பூச்சை நீக்கியபின் தகட்டின்மேல் மை தடவித் துணியால் துடைப்பர். மேற்பரப்பு தூய்மையாகும், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து, உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்தால், பள்ளத்து மை தாளில் ஏறிவிடும். வரைந்தது இடவலம் மாறித் தோன்றும். இவ்வாறு எடுத்த ஒவ்வொரு தாளையும் ஒரு ‘படி’ என்போம்.

நிலை என்பது யாது?

முதற் படியை எடுத்துப் பார்த்த ஓவியர்க்கு மனநிறைவு உண்டாவது அரிது. ஒரு மூலை வெறுமையாகத் தோன்றும். ஒரு முகம் மிகக் கறுத்திருக்கும். அவர் மீண்டும் தகட்டை எடுத்துக் கோடுகளைச் சேர்ப்பார், வேண்டாதவற்றைச் சுரண்டித் தேய்த்து அழிப்பார், நிழலைக் கூட்டுவார். பிறகு மற்றொரு படி எடுப்பார். மாற்றத்திற்கு முன் எடுத்த படிகள் முதல் நிலை. பின் எடுத்தவை இரண்டாம் நிலை. இவ்வாறு சில தகடுகள் ஐந்து, ஆறு நிலைகளையும் கடந்து செல்லும். தகட்டில் மாற்றம் நேர்ந்தால் மட்டுமே அது புதிய நிலை. இவ்விலக்கணத்தை மறவாமை வேண்டும்.

தமிழாசிரியர்க்கு இஃது எளிதில் விளங்கும். பழைய ஏடுகளை ஒப்புநோக்குவோர் பாடவேறுபாடுகளைக் காண்கின்றனர். ஆனால், அவற்றுட் பல ஏடெழுதுவோர் கையால் நேர்ந்தவை. தகட்டின் நிலைகளோ படைத்தவரே செய்த திருத்தங்கள். எனவே, ஒரு நூலாசிரியர் அடித்தும் சேர்த்தும் எழுதிய கைவரைவுகளோடு இவற்றை ஒப்பிடுதலே பொருந்தும். எழுத்தாளர் தம் வரைவைக் கிழித்தெறிந்தால் அவர் சிந்தனை சென்ற வழி மறைந்துபோகும். ஓவியர் இடையில் எடுத்த ஒரு படியை எவரேனும் காத்து வைத்திருந்தால் அவ்வழி நமக்குப் புலனாகும்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653இல் வரைந்த ‘மூன்று சிலுவைகள்’ இதற்குத் தலைசிறந்த சான்று. அதன் தொடக்க நிலைகளில் வானிலிருந்து ஒளி பொழிகின்றது. கீழே நிற்கும் மாந்தர் தெளிவாகத் தெரிகின்றனர். நான்காம் நிலையிலோ அவர்களுட் பலர் அழிக்கப்பட்டு, இருள் கவிந்துவிடுகின்றது. தகடு ஒன்றே, ஆயின் உணர்வு வேறு.

நிலையென மயங்கும் வேறுபாடுகள்

இரு படிகள் வேறுபட்டால் அவை இரு நிலைகள் என்று முடிவு கட்டுதல் கூடாது. தகடு மாறாமலே படி மாறுவதற்கு வேறு காரணங்கள் உண்டு.

முதலாவது, மை துடைக்கும் முறை. அமெரிக்காவிற் பிறந்து ஐரோப்பாவில் வாழ்ந்த விஸ்லர் 1879இல் வெனிசு நகரம் சென்று பல தகடுகளை வரைந்தார். அவற்றை அச்சிடும்போது தகட்டின் மேற்பரப்பில் மெல்லிய மைப்படலத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தார். ஒரு படியில் அந்தி மாலையும், மற்றொரு படியில் நள்ளிரவும் தோன்றின. கோடுகள் அவையே, துடைத்த கைதான் வேறு.

இரண்டாவது, தேய்மானம். ‘டிரைபாயிண்ட்’ என்னும் முறையில் திராவகம் இல்லை; ஊசியாலேயே செம்பைக் கீறுவர். கீறலின் ஓரத்தில் எழும் செம்புப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால், அச்சிற் கோடு வெல்வெட்டுத் துணிபோல் மென்மையாகத் தோன்றும். ஆனால், அச்சுப்பொறியின் அழுத்தத்தில் அப்பிசிறு விரைவிற் சாய்ந்துவிடும். முதலில் எடுத்த படிக்கும் பல படிகளுக்குப் பின் எடுத்ததற்கும் உள்ள வேறுபாடு கண்கூடு. எனினும் இரண்டும் ஒரே நிலையே. மிகுதியாக அச்சிட விரும்புவோர் தகட்டின்மேல் மெல்லிய எஃகுப் பூச்சு ஏற்றி இத்தேய்மானத்தைத் தடுப்பர்.

மூன்றாவது, தாளும் மையும். இவை மாறினும் நிலை மாறாது.

சுலோனும் ஹொப்பரும்

ஜான் சுலோன் (1871–1951) என்பார் 1905, 1906 ஆகிய ஆண்டுகளில் நியூயார்க் நகர வாழ்க்கையைப் பத்துத் தகடுகளில் வரைந்தார். வெயிற்காலத்து இரவில் ஏழை மக்கள் வீட்டுக் கூரையின்மேல் உறங்குவதை அவற்றுள் ஒன்றிற் காண்கிறோம். மற்றொன்று, கண்காட்சியில் அச்சோவியங்களை உற்று உற்றுப் பார்ப்போரையே நகைச்சுவையோடு காட்டுகின்றது. 1906இல் அமெரிக்க நீர்வண்ண ஓவியர் சங்கத்தின் கண்காட்சிக்கு இத்தொகுதி சென்றபோது, அவற்றுள் நான்கு ‘நாகரிகமற்றவை’ எனத் திருப்பி அனுப்பப்பட்டன.

வாங்குவோர் மிகச் சிலரே. சுலோன் தம் படிகளின் ஓரத்தில் ‘100 படிகள்’ என்று பென்சிலால் எழுதுவது வழக்கம். ஆனால், பெரும்பாலான தகடுகளில் நூறு படிகளும் ஒருங்கே எடுக்கப்படவில்லை. தேவை எழுந்தபோதெல்லாம், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அச்சாளர் கையால் எடுக்கப்பட்டன. ஆகவே, ஓரத்திலுள்ள எண் ஓவியரின் எண்ணத்தைக் காட்டுமேயன்றி உண்மையில் அச்சான தொகையைக் காட்டாது. 1969இல் பீட்டர் மோர்சு வெளியிட்ட அட்டவணை, சுலோனின் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிலைகளையும் படிகளையும் விளக்கிக் கூறுகின்றது.

எட்வர்ட் ஹொப்பர் (1882–1967) வண்ண ஓவியராகவே இன்று புகழ் பெற்றவர். ஆயினும், 1913இல் ஓர் ஓவியம் விற்றபின், அடுத்தது விற்க அவர் 1923 வரை காத்திருந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் பெயரை வெளியுலகிற்கு அறிவித்தவை பொறிப்போவியங்களே. 1915இல் தொடங்கி ஏறத்தாழ எழுபது தகடுகளை அவர் வரைந்தார். இக்கலையின் தொடக்கப் பாடங்களை அவர்க்குக் கூறியவர் ஆஸ்திரேலியாவிற் பிறந்த மார்ட்டின் லூயிஸ் (1881–1962).

ஹொப்பர் விஸ்லரைப் போன்றவர் அல்லர். மிக வெண்மையான தாளும் மிகக் கருமையான மையுமே அவர் விரும்பியவை. 1921இல் வரைந்த ‘மாலைக் காற்று’ என்னும் ஓவியத்தில் ஒரு பெண் கட்டிலின்மேல் மண்டியிட்டிருக்கின்றாள். திறந்த சாளரத்தின் திரை காற்றில் உள்ளே பறக்கின்றது. சாளரத்திற்கு வெளியே எதுவும் வரையப்படவில்லை. வெறுந்தாளின் வெண்மையே அங்கு ஒளியாகின்றது. இவ்வோவியத்தின் பல நிலைகள் காக்கப்பட்டுள்ளன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்போர், அறையினுள் நிழற்கோடுகள் படிப்படியாக ஏறுவதைக் காண்பர். வெறுமை சோம்பலால் விடப்பட்டதன்று, காக்கப்பட்டது என்னும் உண்மை அப்போது புலப்படும். இறுதிப் படியை மட்டும் கண்டவர்க்கு இது தோன்றாமற் போகலாம்.

அருமையும் பெருமையும்

1920க்கும் 1929க்கும் இடையே பொறிப்போவியச் சந்தை மிகவும் சூடேறியது. ஓவியத்தைப் பாராமல் நிலையின் எண்ணைப் பார்த்து வாங்குவோர் பெருகினர். இரண்டே படிகள் உள்ள முதல் நிலை என்றால் விலை ஏறும். அந்நிலையை ஓவியரே குறையுடையதெனக் கருதித் திருத்தினார் என்பதை எண்ணிப் பார்ப்பார் இல்லை. முந்திய நூற்றாண்டின் இறுதியிலேயே, தகட்டின் ஓரத்தில் சிறு படமொன்றைப் பொறித்துச் சில படிகள் எடுத்தபின் அதை அழித்துவிடும் வழக்கம் பரவியிருந்தது. ஓவியத்தில் ஒரு கோடும் திருந்தாது. எனினும் ஓரப்படம் உள்ள படி அதிக விலைக்குப் போகும். கலைக்காகப் பிறந்த நிலை வேறு. விலைக்காகப் பிறந்த நிலை வேறு.

1929இல் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதனோடு பொறிப்போவியச் சந்தையும் சரிந்தது. நியூயார்க்கின் இரவையும் மழையையும் பனியையும் ஒப்பற்ற முறையில் வரைந்த லூயிஸ் போன்றோரின் வருவாய் அற்றது. அவர் ஏறத்தாழ மறக்கப்பட்டவராகவே மறைந்தார். விலையை நம்பிச் சேர்த்தோர் கைவிட்ட அத்தாள்களை, கலையை நம்பிச் சேர்த்தோரே காத்தனர்.

அருமையும் பெருமையும் ஒன்றல்ல என்பதற்கு மற்றுமொரு சான்று உண்டு. 1924இல் ‘நியூ ரிபப்ளிக்’ என்னும் இதழ் தன் சந்தாதாரர்க்கென ஆறு அமெரிக்கப் பொறிப்போவியங்களை ஒரு தொகுதியாக வெளியிட்டது. அவற்றுள் ஒன்று ஹொப்பரின் ‘இரவு நிழல்கள்’; ஆளற்ற தெருவில் தனியே நடக்கும் ஒருவரை மேலிருந்து பார்க்கும் காட்சி. அதன் தகட்டிற்கு எஃகுப் பூச்சு ஏற்றி நூற்றுக்கணக்கான படிகள் எடுத்தனர். அவ்வாறு பல படிகள் பரவியதால் அதன் சிறப்புக் குன்றவில்லை.

சேர்ப்போர் கவனிக்க வேண்டியவை

பொறிப்போவியம் சேர்ப்பவர்க்கு முதற்கருவி பணமன்று, உருப்பெருக்கிக் கண்ணாடி. கையிலுள்ள படியை முழு அட்டவணையில் உள்ள படத்தோடு வைத்து, கோடு கோடாக ஒப்பிடுதல் வேண்டும். ‘25/100’ என ஓரத்தில் எழுதியிருந்தால், அது நூறு படிகளுள் ஒன்று என்பதைக் குறிக்குமேயன்றி நிலையைக் குறிக்காது. இருபத்தைந்தாவதாக அச்சிடப்பட்டது என்பதும் உறுதியன்று. பென்சிற் கையொப்பத்தை மட்டும் நம்புதலும் தகாது. போலிக் கையொப்பங்கள் உண்டு. அச்சிட்டு முடிந்தபின் தகட்டின் குறுக்கே கீறி அதை அழித்துவிடும் வழக்கமும் உண்டு. அக்கீறல் தெரியும் படி பிற்காலத்தில் எடுத்தது என்று அறியலாம்.

இவையெல்லாம் அறிந்தபின் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று எஞ்சுகின்றது: ‘இம்மாற்றத்தை ஓவியர் ஏன் செய்தார்?’ இவ்வினாவிற்கு விடை தரும் நிலை எதுவோ, அதுவே சேர்க்கத் தக்கது. முதல் நிலையாயினும் ஆகுக. இறுதி நிலையாயினும் ஆகுக. மாணாக்கர் தாளில் விடையை மட்டும் பாராமல், அடித்துத் திருத்திய வரியையும் பார்க்கும் ஆசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருத்தத்திலேதான் சிந்தனை தெரிகின்றது.