வரியும் கேள்வியும்

வீட்டுவரிச் சீட்டு கைக்கு வந்ததும், "சாக்கடை தூர்வாரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, வரி மட்டும் ஏன் ஏறுகிறது?" என்ற கேள்வி எழுவது இயல்பே. கோபிசெட்டிபாளையம் போன்ற நகராட்சிகளில் வாழும் நம் குடும்பங்கள் இதனைச் சற்று ஆழ்ந்து சிந்திப்பது நலம்.

2018இல் தமிழக அரசு அறிவித்த சொத்துவரி உயர்வு, மக்களின் எதிர்ப்பால் 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் 2022 ஏப்ரலில் புதிய உயர்வு வந்தது. நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு. 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேல் 100. மைய அரசின் மானியத்திற்கு 15ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனையை அரசு காரணமாகக் கூறிற்று. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டிய சுமை ஒரே நாளில் தோளில் விழுந்தது.

இவ்வரி தரையை அளக்கிறதேயன்றி மடியை அளப்பதில்லை. பாட்டன் கட்டிய பெரிய ஓட்டு வீட்டில் தனித்து வாழும் விதவைத் தாய்க்கும், அதே பரப்பில் வாழும் செல்வந்தருக்கும் உயர்வு ஒன்றே. வாடகைக்குக் குடியிருப்போரோ, சீட்டைக் காணாமலே வாடகை வழியாக அதனைச் செலுத்துகின்றனர்.

எனினும், வரி கட்டாதிருப்பது தீர்வாகாது. குப்பை அள்ளும் தொழிலாளியின் ஊதியமும் குடிநீர்க் குழாயின் பழுதுபார்ப்பும் நகராட்சியின் வருவாயைச் சார்ந்தவை. அது குறைந்தால் முதலில் துன்புறுவது ஏழையின் தெருவே.

ஆகவே கட்டுவோம், கட்டியபின் கணக்கும் கேட்போம். மதிப்பீடு தவறெனில் முறையீடு செய்யச் சட்டம் இடமளிக்கிறது. கிராம சபையைப் போல நகரங்களிலும் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 அன்று முதன்முறையாகக் கூடின. திண்ணையில் நூறு முறை முணுமுணுப்பதைவிட, அங்கே எழுந்து ஒருமுறை கேட்பது பயன் தரும். நம் தெருவின் குறைகளை எழுதிச் செல்வோம். படிக்க இயலாத அண்டை வீட்டாரையும், எச்சமயத்தவராயினும், உடன் அழைத்துச் செல்வோம்.

நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. வழிபாட்டுத் தலங்களுக்குச் சட்டம் சொத்துவரி விலக்களிக்கிறது. நம் ஆலய வாசலின் விளக்கும் சாலையும் பிறர் செலுத்திய வரியால் அமைந்தவை. அந்த நன்றியை, திருவிழா முடிந்த மறுநாள் தெருவைத் தூய்மையாக விட்டுச் செல்வதிலேனும் நாம் காட்டுவோமாக!